பதினாறு லிட்டர் முதுகில்

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பெற்றோர்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அப்பா, நீ எழுதுப்பா" என்றாள் மகள்.

"கொசு மருந்து அடிச்ச கதைய யாரும்மா படிப்பாங்க?" என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் விடப் போனேன். அங்கே அவளுடைய தோழி ஒருத்தி நின்றிருந்தாள். ஒல்லியான பெண். முதுகில் பை. பை அவளைப் பின்னால் இழுக்க, அவள் கழுத்தை முன்னால் நீட்டி, கடற்கரையில் படகு தள்ளுகிறவர்கள் சாய்கிற மாதிரி சாய்ந்து நின்றாள். பையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். என் கைக்கே தெரிந்தது.

"எவ்ளோ கனமா இருக்குது! எப்படிம்மா நடக்குற?"

"கனமே இல்ல அங்கிள். ஒண்ணுமே தெரில."

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துவிட்டேன். "ஒண்ணுமே தெரியல" என்கிற பேச்சைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். முப்பது வருடம் முதுகில் சுமந்து நடந்தவன் நான்.

என் வேலை இதுதான். பிளாஸ்டிக் டேங்க் ஒன்று. அதில் பதினாறு லிட்டர் மருந்துத் தண்ணீர் பிடிக்கும். உங்கள் பையைப் போலவே இரண்டு தோள்வார் உண்டு. இடது கையில் ஒரு நெம்புகோல். அதை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலது கையில் நீளமான குழாய். அதன் முனையிலிருந்து மருந்து புகை மாதிரி விரிந்து விழும். தெருக் கால்வாய், பள்ளம், உப்பளத்தை ஒட்டித் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீர், இங்கெல்லாம் கொசுப்புழு நெளியும். அதன் மேல் அடிப்போம். டேங்க் நிறைந்தால் இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். காலையில் நாலு டேங்க், வெயில் தாழ்ந்து இரண்டு. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஒருவர் பின்னால் நடந்தேன். மூன்றாம் நாள் டேங்கை மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

மரக்காணத்து உப்பளத்தில் விடியற்காலையில் நீங்கள் யாராவது நடந்திருக்கிறீர்களா? தூரத்தில் ரோட்டிலிருந்து பார்ப்பது வேறு. உள்ளே போக வேண்டும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். நடுவில் ஒரு ஆள் மட்டும் நடக்கிற அகலத்தில் களிமண் வரப்பு. காற்று எழும்புவதற்கு முன்னால் ஒரு நேரம் இருக்கிறது. அப்போது மேலே இருக்கிற வானம் கீழேயும் இருக்கும். மேகம் உங்கள் காலுக்கு இரண்டு பக்கமும் மிதந்து போகும். நாரை ஒன்று பறந்தால் இரண்டாகப் பறக்கும். வரப்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. அந்த நடையில் முதுகில் இருக்கிற டேங்க் மெல்ல மெல்ல மறந்துபோகும். யாரோ ஒரு சின்னக் குழந்தை முதுகில் தூங்குகிற மாதிரி, அதுவும் வேறு யாருடைய முதுகிலோ தூங்குகிற மாதிரி இருக்கும்.

எடை ஒன்றுதான், பிள்ளைகளே. ஆனால் அது நமக்குத் தெரிகிற விதம் ஒன்று இல்லை. நான் இதை யாரிடமும் படிக்கவில்லை, நடந்து நடந்து கண்டுகொண்டேன். முழு டேங்கைவிட அரை டேங்க் சில நேரம் அதிகம் வருத்தும். உள்ளே தண்ணீர் அலைபாய்ந்து, நாம் இடது கால் வைத்தால் அது வலது பக்கம் இழுக்கும். வார் தளர்ந்து டேங்க் இடுப்புக்குக் கீழே தொங்கினால், அதே தண்ணீர் இரண்டு மடங்காகிவிடும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் முதல் டேங்கே நாலாவது டேங்க் மாதிரி இருக்கும். கூட நடக்கிறவர் நல்லா கதை சொல்கிறவராக இருந்தால் எத்தனை டேங்க் ஆனது என்றே தெரியாது.

எனக்குக் கூட நடந்தவர் சவரி அண்ணன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கீழ்புத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் வேலையில் ஜோடி ஜோடியாகத்தான் போவோம். பதினேழு வருடம் நானும் அவரும் ஒரே ஜோடி.

உப்பு சுமக்கிற பெண்கள் எங்களைப் பார்த்தால் விடமாட்டார்கள். தனம் என்று ஒரு அம்மா, தலையில் ஈர உப்புக் கூடையோடு எதிரே வருவார். வரப்பில் ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு வருகிறவருக்குச் சும்மா வருகிறவர் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் சுமையோடு வந்தால்?

"ஒதுங்குங்கப்பா. முதுகுல மாட்டினா அது சுமையா? தலையில வெச்சுப் பாரு, தெரியும்."

"எம்மா, எங்களுதும் கனம்தான்" என்று சொல்ல நான் வாயெடுப்பேன். சவரி அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். உடனே வாயை மூடிக்கொள்வேன்.

ஏனென்றால் மருந்து அடிக்கிற எங்கள் ஆட்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. டேங்க் முதுகில் இருக்கும்போது யார் முதலில் "கனம்" என்ற வார்த்தையைச் சொல்கிறாரோ, அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவருடையது. எப்போது ஆரம்பித்தது, யார் ஆரம்பித்தார் என்று தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. அதனால் யாருமே சொல்லமாட்டோம். தோள் எரிந்தாலும், "காத்து நல்லா வருதுல்ல?" என்போம். முட்டி நடுங்கினாலும், "இன்னிக்கு வெயிலே இல்லப்பா" என்போம். கேலிதான். ஆனால் வருடக்கணக்கில் சொல்லாமல் இருந்தால், சொல்லக்கூடாது என்பது உடம்பிலேயே ஊறிவிடும்.

இந்த நிலையில்தான் கற்பகம் மேடம் எங்களுக்குச் சூப்பர்வைசராக வந்தார். எங்களைவிட ரொம்பச் சின்னவர். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களோடு வரப்பில் நடப்பார். அதற்கு முன்னால் இருந்தவர்கள் ரோட்டில் பைக்கிலேயே உட்கார்ந்து விசில் அடிப்பார்கள்.

வந்த முதல் வாரத்தில் அவர் சில விஷயங்களை மாற்றினார். டேங்கைத் தரையிலிருந்து தூக்கி மாட்டக்கூடாது. இடுப்பு உயரத்தில் ஒரு கல் மேடை போட வைத்தார். டேங்கை அதன் மேல் வைத்து நிரப்ப வேண்டும். திரும்பி நின்று, இரண்டு வாரையும் ஒரே நேரத்தில் மாட்டி, குனியாமல் இரண்டு அடி முன்னால் போக வேண்டும். டேங்கின் மேல் விளிம்பு தோளுக்குச் சமமாக நிற்கும்படி வாரை இழுத்துவிடுவார். இடுப்பில் ஒரு பழைய துணியைச் சுருட்டிக் கட்டச் சொன்னார். டேங்கின் அடி அதில் உட்கார்ந்துகொள்ளும். ஒரே தோளில் மாட்டிக்கொண்டு யாராவது ஸ்டைலாக நடந்தால் அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. இதையெல்லாம் கத்திச் சொல்லமாட்டார். பக்கத்தில் வந்து வாரைச் சரிசெய்வார், அவ்வளவுதான். பிள்ளைகளே, இதில் பாதி உங்கள் பைக்கும் பொருந்தும். செய்து பாருங்கள்.

ஆனால் அவருடைய பெரிய வித்தை வேறு. "கனமா இருக்கா?" என்று அவர் யாரையும் கேட்டதே இல்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வோம் என்று அவருக்குத் தெரியும். கூட நடந்துகொண்டே, "நேத்து வீட்ல என்ன கொழம்பு?" என்பார்.

எங்களுக்குச் சிரிப்பு. "மேடத்துக்கு வீட்ல சமைக்கத் தெரியாது போல. நம்மகிட்ட படிச்சுக்குது" என்பார் சவரி அண்ணன்.

பிறகுதான் புரிந்தது. பதில் ஒரே மூச்சில் வந்தால், "ம், போங்க" என்பார். "நேத்து... கத்திரிக்கா போட்டு..." என்று நடுவில் மூச்சு வாங்கினால், "எறக்குங்க" என்பார். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி. டேங்கை இறக்கி, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டும். வாய் பொய் சொல்லும், மூச்சு சொல்லாது என்று அவர் நம்பியிருந்தார்.

மூச்சையும் பொய் சொல்ல வைக்கலாம். அதை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். அந்தத் தப்பில் எனக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு வருடம், மழைக்காலம் முடிந்த பிறகு, சவரி அண்ணனின் பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன.

"நேத்து என்ன கொழம்பு சவரி?"

"மீனு."

மறுநாள், "ரசம்." அதற்கு மறுநாள் வெறும் "ம்ம்."

ஒரு வார்த்தைக்கு எத்தனை மூச்சு வேண்டும்? மேடம் பேச்சை வளர்த்தால் நான் நடுவில் புகுந்துவிடுவேன். "அவரு வீட்ல நேத்து சங்கரா மீனு மேடம், மாங்கா போட்டு! எனக்கு ஒரு துண்டு குடுக்கல!" மேடம் சிரித்துவிடுவார். சவரி அண்ணன் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பதினேழு வருட ஜோடி. ஒருவருக்கு மற்றவர் பதில் சொல்வது எங்களுக்கு வேடிக்கை.

ஒரு நாள் மேடம் முன்னால் போன பிறகு கேட்டேன். "இன்னாண்ணா, மூச்சு வாங்குது?"

"வயசாவுதுல்ல."

"டாக்டரைப் பாருண்ணா."

"பாத்துட்டு? முடியாதுன்னு எழுதிக் குடுப்பாரு. டேங்கு தூக்க முடியாதவன வெச்சினு இவங்க என்னா பண்ணுவாங்க? பொண்ணு நர்சிங் சேந்திருக்குது. ரெண்டு வருசம்டா. ரெண்டே வருசம் தள்ளிட்டா போதும். நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பதிலாகத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் திறந்தேன்.

பொங்கல் கழிந்து சில வாரம். கடலோரக் குப்பம் ஒன்றில் குழந்தைகளுக்குக் காய்ச்சல். உப்பளத்துக்கும் குப்பத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளங்கள் எல்லாவற்றையும் மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. மேடம் குப்பத்துக்குள் வேறு ஆட்களோடு போய்விட்டார். நானும் சவரி அண்ணனும் நீளமான வரப்பு வழியாக அந்தப் பக்கம் போனோம். அவர் முன்னால், நான் பத்தடி பின்னால்.

அன்றைக்குக் காற்றே இல்லை. பாத்தியெல்லாம் கண்ணாடி. உப்பு விளைய ஆரம்பித்து, தண்ணீருக்கு மேல் மெல்லிசாக ஆடை படர்ந்திருந்தது. சூரியன் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. சவரி அண்ணன் அந்த வெளிச்சத்துக்குள் நடந்து போனார். அவருடைய கால் வரப்பில் படுகிறதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு லேசாகப் போனார். பார்க்க அழகாக இருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருந்தது.

"கோவிந்து" என்றார் திரும்பாமல்.

"இன்னாண்ணா?"

"டேங்க ரொப்பினமா, இல்லையா?"

"நான்தானே ரொப்பினேன். ஃபுல்லு."

"ஒண்ணுமே தெரிலடா. காத்தாட்டம் இருக்குது. எறக்கி வெச்சிட்டு நடக்கற மாதிரி இருக்குது."

நான் சிரித்தேன். இரண்டு மூன்று அடி நடந்த பிறகுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். அது நெம்புகோலின் மேல் இருந்தது. அடிக்கவில்லை, சும்மா கிடந்தது. குழாய் முனையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக வரப்பில் விழுந்தது. பள்ளம் வருவதற்குள் அழுத்தம் ஏற்ற நெம்புகோலை அடித்துக்கொண்டு நடப்பதாக அவர் நினைத்திருக்கிறார். சட்டைக் கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அப்போது வெயில் அவ்வளவு இல்லை.

மேடம் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "அண்ணா, நேத்து என்ன கொழம்பு?"

"இன்னிக்கு... நீ எதுக்கு..." என்றார். மேலே வரவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்தார். டேங்க் பின்னால் இழுக்க, பாத்திப் பக்கம் சாய்ந்தார்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். வாரைக் கழற்றி டேங்கை வரப்பில் சாய்த்தேன். என் டேங்கையும் இறக்கினேன். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கை எங்கடா, என் கை எங்க?" என்று கேட்டார். மேடத்துக்குப் போன் போட்டேன். ஆம்புலன்ஸ் ரோட்டுக்கு வரும், அங்கே கொண்டுவந்துவிடுங்கள், நடக்க விடாதீர்கள் என்றார்.

ரோடு தூரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. சவரி அண்ணனை முதுகில் தூக்கிக்கொண்டேன்.

நாற்பது அடி நடந்திருப்பேனோ என்னவோ. அத்தனை வருடம் சுமந்த முதுகு அது. இருந்தாலும் முட்டி உதற ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் தனம் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் உப்புக் குவியலை மூடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கையாட்டினார்கள். நாங்கள் ஏதோ விளையாடுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

"இன்னாப்பா, இன்னிக்கு ஆளையே மாட்டினு வர்ற?" என்று தனம் அம்மா கத்தினார்.

அப்போதும் எனக்கு வாய் வரவில்லை, பிள்ளைகளே. இன்னும் பத்தடி போய்விடலாம், இன்னும் பத்தடி என்று நடந்தேன். என் காதுக்குப் பக்கத்தில் அவர் மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு கத்தினேன்.

"எம்மா! கனமா இருக்குதும்மா! என்னால முடில!"

அந்தச் சத்தம் பாத்திக்குப் பாத்தி போனது. அடுத்த நிமிடம் அந்த நாலு பேரும் குவியலை மூடுகிற தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சவரி அண்ணனை அதில் கிடத்தினோம். ஆளுக்கொரு மூலை பிடிக்க வேண்டும். வரப்போ ஒரு ஆள் அகலம். உப்பு விளைகிற பாத்தியில் வாருகிற நாள் வரைக்கும் யாரும் கால் வைக்கமாட்டார்கள். வைத்தால் அந்த இடத்து விளைச்சல் கலங்கிப்போகும். தனம் அம்மாதான் முதலில் இறங்கினார். "இறங்குங்கடி, உப்பு நாளைக்கும் வெளையும்" என்றார். இரண்டு பேர் இந்தப் பாத்தியில், இரண்டு பேர் அந்தப் பாத்தியில். உப்பு ஆடை அப்பளம் மாதிரி நொறுங்க நொறுங்க நடந்தார்கள். மேகங்கள் எல்லாம் உடைந்து கலங்கின. நான் வரப்பில் அவர் தலையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன்.

சவரி அண்ணன் பிழைத்துக்கொண்டார். மாரடைப்பு என்றார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள். இடது கையும் தோளும் மரத்துப்போனதை அவர் டேங்கின் கணக்கில் எழுதிக்கொண்டார், டேங்க் லேசாகிவிட்டது என்று. உடம்பு சொல்கிறதைப் பல வருடம் கேட்காமல் இருந்தால், அது சொல்கிற பாஷையே நமக்கு மாறிப்போகிறது. எனக்குத் தெரிந்த அளவில் இதைத்தான் சொல்ல முடியும். கனமாக இருக்கிறது என்று தோன்றினால் பயமில்லை, சொல்லிவிடலாம். சொல்லிச் சொல்லிப் பழகாதவர்களுக்குத்தான் ஆபத்து.

மேடத்திடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பதிலாக நான் பதில் சொன்னது, மாங்காய் போட்ட மீன், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் சிரிச்சேனே கோவிந்தன்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து சவரி அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கல் மேடையில் காலை டேங்குகள் வரிசையாக நிரம்பி நின்றன.

"உடம்பு சரியாய்டுச்சு மேடம். நாளைக்கே வந்துடறேன்" என்றார். அந்த ஒரு வரியை வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருப்பார் போல. தடுமாறாமல் வந்தது.

மேடம் அவரைப் பார்த்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி, டிரம் பார்க்கிற வேலையில் ஒரு இடம் இருப்பதாகச் சொன்னார். டார்ச் மட்டும்தான் தூக்க வேண்டும். ஆனால் சம்பளம் கொஞ்சம் குறையும்.

"அதெல்லாம் வேணாம் மேடம். டேங்கு நல்லா தூக்குவேன். கோவிந்தைக் கேளுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். சவரி அண்ணனும் திரும்பினார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருடப் பார்வை. வாயை மூடு என்றும் அது சொல்லும், எனக்காகப் பேசு என்றும் சொல்லும். நர்சிங் படிக்கிற அவர் பெண் என் கண்ணுக்குள் வந்தாள். தார்ப்பாயில் கிடந்த முகமும் வந்தது. நல்லா தூக்குவாரு மேடம் என்று ஒரு வரி. எனக்கு அது ஒரே மூச்சில் வரும்.

"அவரையே கேளுங்க மேடம்" என்றேன்.

சவரி அண்ணன் என்னை முறைத்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு கல் மேடையைப் பார்த்தார். நிரம்பிய டேங்குகளில் ஒன்றன் மேல் கையை வைத்து, கொஞ்சம் அழுத்தி, எடுத்துக்கொண்டார்.

"மேடம்" என்று ஆரம்பித்தார். "சைக்கிள்ல வர்லீங்க. பஸ்ல வந்தேன்." நின்றார். "பஸ் ஸ்டாப்புலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்துட்டேன்." மறுபடி நின்றார். நெற்றியைத் துடைத்தார். "டேங்கப் பாத்தாலே பயமா இருக்குது. பொண்ணுகிட்ட சொல்லாதீங்க... டார்ச்சே குடுங்க."

இவ்வளவையும் சொல்ல அவருக்கு நேரமானது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது, யாரோ மேடத்தைக் கூப்பிட்டார்கள். கற்பகம் மேடம் அசையவில்லை. அவர் மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தையைத் தேடி எடுத்து, கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடிக்கிற வரையில் அப்படியே நின்று கேட்டார். நானும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.